பழைய மூன்று சட்டிக் கலப்பை: வாங்கிய கதையும் உழுத அனுபவமும்

பர்மாவில் பெகுவுக்குத் தென்கிழக்கே தனப்பின் பக்கம் நிலம் வைத்திருக்கும் நம்மவர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே கேட்கிறார்கள். பழைய சட்டிக் கலப்பை வாங்கினாயே, எப்படி உழுகிறது, நாங்களும் வாங்கலாமா? ட்ராக்டரின் பின்னால் மாட்டி இழுக்க, வட்டமான இரும்புச் சட்டிகள் சுழன்று மண்ணை வெட்டிப் புரட்டுமே, அந்தக் கலப்பைதான். போனில் ஆளுக்குப் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன். கோடை உழவு, மழை உழவு, நெல் அறுத்தபின் உளுந்து உழவு என்று ஒரு சுற்று போட்டுப் பார்த்தாகிவிட்டது. எங்கே நன்றாக உழுதது, எங்கே உழவில்லை என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடியும்.

முதலில் எங்கள் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் கலப்பையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. 14 ஏக்கர், நான்கு துண்டு. ஓடைக்கரைத் துண்டில் மட்டும் வண்டல் கலந்திருக்கும். மற்றதெல்லாம் கறுத்த களி. ஆடியில் கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும், பங்குனியில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழைக்கு நெல், நெல் அறுத்ததும் உளுந்து, இதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ட்ராக்டர் 50 குதிரைத் திறன் குபோட்டா. நாலு சக்கரமும் இழுக்கும், முன்னால் மண் தள்ளும் பிளேடு உண்டு. வீட்டுக்காரர் மலேசியாவில் வேலை பார்க்கிறார். வண்டி ஓட்டுவது என் கொழுந்தன். விதை, டீசல், சாமான், கணக்கு எல்லாம் என் பொறுப்பு. என் அப்பா பெகுவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தப் பட்டறையில் உட்கார்ந்தே வளர்ந்தேன். இரும்பைத் தட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பதை அங்கேதான் கற்றேன்.

இத்தனை வருஷமும் ரோட்டவேட்டரை வைத்தே காலம் தள்ளினோம். ரோட்டவேட்டர் நல்ல சாமான்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது மேலே நாலைந்து அங்குலத்தைத்தான் பொடியாக்கும். வருஷா வருஷம் கத்தி அதே ஆழத்தில் சுற்றுவதால் அதற்குக் கீழே மண் இறுகிக்கொண்டே வரும். போன மாசியில் உளுந்து பிடுங்கும்போது மண்வெட்டியை எடுத்து ஒரு குழி வெட்டிப் பார்த்தேன். செடியின் ஆணிவேர் ஐந்து அங்குலம் நேராக இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு சட்டென்று மடங்கிப் படுத்து, இறுகிய மண்ணின் மேலேயே பக்கவாட்டில் ஓடியிருந்தது. வேறு இடத்தில் வெட்டிப் பார்த்தேன், அங்கேயும் அப்படித்தான். உளுந்துக்கு நாங்கள் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. நெல் விட்டுப்போன ஈரத்தில்தான் அது விளைய வேண்டும். அந்த ஈரம் இருப்பது கீழே. வேர் அங்கே போக வழியில்லாதபோது பூ உதிர்வதற்கு மருந்தைக் குறை சொல்லி என்ன பயன்?

நெல்லுக்கு அந்த இறுகிய அடிமண் கொஞ்சம் வேண்டும். தண்ணீரை நிறுத்துவதே அதுதான். ஆகவே ஒரேயடியாகக் கிழித்து எறியக் கூடாது, ஏழு எட்டு அங்குலத்துக்குக் கீழே தள்ளி வைக்க வேண்டும். கூடவே கோரையையும் காட்டு நெல்லையும் புரட்டி மண்ணுக்குள் புதைக்க வேண்டும். ரோட்டவேட்டர் கோரைக்கிழங்கை நறுக்கி வயல் முழுக்க விதைத்துவிடுகிறது. இந்த இரண்டு வேலைக்கும் சட்டிக் கலப்பை வேண்டும் என்று முடிவு செய்தேன். வாடகைக்கு ஏழு சட்டி பூட்டிய ட்ராக்டர்கள் வரும். ஆனால் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் உழவு வேண்டும். நம் முறை வருவதற்குள் ஈரம் போய்விடும். ஆள் கூலிக்கும் ஆள் இல்லை. ஊரில் இளவட்டங்கள் பாதிப் பேர் தாய்லாந்திலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள்.

புதுசு வாங்காததற்குக் காரணம் பணம் மட்டும்தான். எங்கள் உளுந்தின் விலையை இந்தியா வைக்கிறது. 2017 ஆகஸ்டில் இந்தியா பருப்பு இறக்குமதிக்கு அளவு கட்டியபோது இங்கே மூட்டைகள் தேங்கி விலை சரிந்ததை எங்கள் பக்கத்து வீடுகள் இன்னும் மறக்கவில்லை. 2021-ல் இரண்டு அரசுகளும் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து என்று ஒப்பந்தம் போட்ட பிறகுதான் கொஞ்சம் தைரியம் வந்தது. உளுந்தை நம்பி நிற்கிற வீட்டில் கடன் வாங்கிப் புது இரும்பு வாங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பழையதைத் தேடினேன்.

பெகு ஊரைத் தாண்டி மண்டலே ரோட்டோரம் பழைய சாமான் யார்டுகள் உண்டு. ஜப்பானிலிருந்து வந்த பழைய ட்ராக்டர், கை ட்ராக்டர், கதிர் அறுக்கும் மெஷினின் ரப்பர் பெல்ட் எல்லாம் வெயிலிலும் மழையிலும் கிடக்கும். நான் போன யார்டில் சட்டிக் கலப்பை வகை வகையாக இருந்தது. தாய்லாந்து சாமான், இந்தியச் சாமான், சீனச் சாமான், உள்ளூர்ப் பட்டறையில் அடித்தது. எல்லாவற்றின் மேலும் ஒரே ஆரஞ்சு பெயின்ட். பழைய கலப்பை வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அந்தப் பெயின்டைப் பார்த்து நிற்காதீர்கள், அது போன வாரம் அடித்தது. சட்டி தேய்ந்திருக்கிறதா என்றுகூட முதலில் பார்க்க வேண்டாம். சட்டி போல்ட்டைக் கழற்றினால் மாறிவிடும், கடையில் கிடைக்கும். சட்டம் வளைந்திருந்தாலோ, சட்டி சுற்றுகிற தலையில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்தாலோ அந்தக் கலப்பை எந்த விலைக்கும் வேண்டாம்.

நான் பார்த்த விதத்தை விவரமாகவே எழுதுகிறேன். யாருக்காவது உதவும்.

கொழுந்தன் ஜாக்கி வைத்துச் சட்டிகளைத் தரையிலிருந்து தூக்கினான். ஒவ்வொரு சட்டியையும் மேல் விளிம்பில் ஒரு கை, கீழ் விளிம்பில் ஒரு கை வைத்துப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். முதல் சட்டி அசையவில்லை. இரண்டாவது லேசாக ஆடியது. மூன்றாவது, அதாவது கடைசிச் சட்டி, டக் டக் என்று சத்தம் போட்டே ஆடியது. பிறகு கையால் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். இரண்டாவதில் மணல் அரைபடுகிற சத்தம். மண் புகாமல் தடுக்கும் சீல் போய் மண் உள்ளே ஏறியிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு தலைக்குள்ளும் இரண்டு டேப்பர் பேரிங் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் நட்டை இறுக்கினால் போதும், சத்தம் வந்தால் பேரிங் மாற்றியாக வேண்டும். கடைசித் தலையைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். பேரிங்தான் போயிருந்தது. அது உட்காரும் தண்டு தேயவில்லை, விரலை ஓட்டினால் வழவழவென்று இருந்தது. மனசுக்குள் இந்தக் கலப்பையை நான் எடுத்துக்கொண்டது அப்போதுதான்.

அடுத்து சட்டம். முன் சட்டியிலிருந்து பின் சட்டி வரை சட்டத்தின் மேல் நூல் பிடித்தேன், நேராக வந்தது. சட்டிகளின் கீழ் விளிம்புக்கும் விளிம்புக்கும் நடுவே டேப் வைத்து அளந்தேன். முதல் இரண்டுக்கும் நடுவிலும், கடைசி இரண்டுக்கும் நடுவிலும் ஒரே அளவு. எப்போதாவது மரவேரில் மாட்டி வளைந்திருந்தால் இந்த அளவு மாறும். பெயின்டால் இதை மறைக்க முடியாது.

விரிசல் பார்ப்பதற்கு அப்பா செய்கிற ஒரு வேலை உண்டு. பிளேடால் பெயின்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட வேண்டும். பிறகு துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தூவ வேண்டும். இரும்பில் விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வந்து, வெள்ளைப் பொடியில் ஈரக்கோடாகத் தெரியும். சட்டிக் கால் சட்டத்தில் சேருகிற இடங்களிலும், மேலே ட்ராக்டரின் டாப் லிங்க் என்கிற மேல் இணைப்புக் கம்பி மாட்டுகிற கோபுரத்தின் அடியிலும் செய்தேன். அங்கெல்லாம் சுத்தம். பின்னால் சாலுக்குள் ஓடும் சால் சக்கரத்தைத் தாங்கும் இரும்பில் தடவியபோது மயிரிழைக் கோடு ஒன்று மெல்ல எழுந்து வந்தது. பெயின்டுக்கு அடியில் இருந்தது.

யார்டுக்காரர் பர்மாக்காரர். என்னைவிட இளையவர். நான் பொடி தூவுகிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

"அமா, பட்டறைக்காரங்க வீட்டுப் பொண்ணா நீங்க?" என்று கேட்டார். அமா என்றால் பர்மியில் அக்கா.

"ஆமாம் தம்பி. இந்தக் கோடு தெரியுதா பாருங்க."

குனிந்து பார்த்தார். "தெரியுது. நான் வாங்கினப்பவே இருந்திருக்கும். ஒட்டித் தர்றேன்."

"மேலாக ஒட்டினால் நிற்காது. கோட்டை வெட்டிப் பள்ளமாக்கிவிட்டு, 7018 வெல்டிங் குச்சியால் நிரப்பணும். நான் நின்று பார்ப்பேன்."

சரி என்றார். நின்று பார்த்தேன், சொன்னபடியே செய்தார். இந்த இடத்தில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும். பொருளைச் சோதிக்க விடாத யார்டுகள் இருக்கின்றன. "பார்த்தாச்சுல்ல, காசைக் கொடு" என்கிற ஆட்களிடமும் நான் போயிருக்கிறேன்.

சட்டியின் அளவு 26 அங்குலம் என்று சொன்னார். அளந்தபோது முன்னிரண்டும் 24½, கடைசி 24. தேய்மானம் உண்டு, ஆனால் விளிம்பு சமமாகத் தேய்ந்திருந்தது. சுத்தியலால் லேசாகத் தட்டினால் மூன்றும் கணீரென்று பேசின. விரிசல் விட்ட சட்டி மந்தமாகத்தான் சத்தம் கொடுக்கும்.

இன்னொன்றைப் பலர் பார்க்காமல் வாங்கி வந்து வீட்டில் தலையில் கை வைக்கிறார்கள். கலப்பையை ட்ராக்டரின் இரண்டு தூக்கும் கைகளில் மாட்டும் முள்ளின், அதாவது இரும்புப் பின்னின், கனம். இதில் வகைகள் உண்டு. முதல் வகை என்றால் கீழ் முள் 22 மில்லிமீட்டர், டாப் லிங்க் முள் 19. இரண்டாம் வகைக்குக் கீழ் முள் 28, மேலே 25. எங்கள் வண்டி முதல் வகை, இந்தக் கலப்பையோ இரண்டாம் வகை. யார்டுக்காரர் மெல்லிய முள்ளைத் தேடி மாற்றிக் கொடுத்தார். மேல் முள்ளுக்குத் துளை பெரிதாக இருந்ததால் நடுவில் ஒரு புஷ், அதாவது இரும்புக் குழல், போட்டோம்.

விலையைப் பர்மாப் பணமான கியாட்டில் எழுதினால் நீங்கள் படிக்கும்போது அது வேறாகியிருக்கும். அதனால் இப்படிச் சொல்கிறேன். அதே வாரம் அதே அளவுப் புதுக் கலப்பைக்குக் கேட்ட விலையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கொடுத்தேன். பேரிங், சீல், ஏற்றி வந்த வண்டிக் கூலி எல்லாம் சேர்ந்த பிறகு பாதியைத் தாண்டியது. பழைய கலப்பை பார்க்கப் போகிறவர்கள் பேரிங் செலவை முதலிலேயே விலையில் கழித்துப் பேச வேண்டும். நான் அப்படித்தான் பேசினேன், அவரும் இறங்கி வந்தார்.

எனக்கு வருத்தமும் ஒன்று உண்டு. சட்டியில் ஒட்டும் மண்ணை வழிக்கிற தகடு மூன்றில் ஒன்று இல்லை. "இருக்கு, தேடி அனுப்புறேன்" என்றார்கள். இன்றுவரை வரவில்லை. போன் செய்தால் நாளை என்கிறார்கள். களிமண்காரர்களுக்கு அந்தத் தகடு அலங்காரம் இல்லை. அது இல்லாத சட்டியில் மண் அப்பிக்கொண்டு, சட்டி சுற்றாமல் இழுபடும். கடைசியில் பழைய லாரிப் பட்டையை வெட்டி நாங்களே செய்துகொண்டோம். கையில் வராத சாமானுக்கு யாரும் காசு கொடுக்காதீர்கள். அது எந்த யார்டாக இருந்தாலும் சரி.

இனி உழவு.

முதலில் பங்குனி வெயிலில், உளுந்து எடுத்த காய்ந்த வயலில் இறக்கினோம். கலப்பையின் எடை சுமார் 350 கிலோ, பர்மாக் கணக்கில் இருநூற்றுப் பதினான்கு வீசை. சட்டிக் கலப்பை கொழு மாதிரி தானாக மண்ணை உறிஞ்சி இறங்காது, தன் எடையால்தான் இறங்கும். காய்ந்த களியில் மூன்று அங்குலம்கூட இறங்காமல் மேலாகச் சுரண்டிக்கொண்டே போனது. சட்டியின் சாய்மானத்தை மாற்ற ஒவ்வொரு காலிலும் மூன்று துளை இருக்கிறது. சாய்வைக் குறைத்துச் சட்டியை நிமிர்த்தி வைத்தால் கெட்டி மண்ணில் நன்றாக இறங்கும், சாய்த்து வைத்தால் ஒட்டுகிற ஈர மண்ணுக்கு நல்லது. நிமிர்த்தி வைத்து, சட்டத்தின் மேல் மணல் மூட்டை கட்டி இறக்கினோம். ஐந்து அங்குலம் போனது. வந்த கட்டிகள் பாறாங்கல் அளவு. வண்டி உறுமியது, டீசல் குடித்தது. நிறுத்தச் சொல்லிவிட்டேன். இது கலப்பையின் குற்றம் இல்லை. எங்கள் மண்ணுக்கு அந்த நேரம் உழவு நேரமே இல்லை. மண்ணில் கொஞ்சம் மணல் கலந்தவர்கள் கோடையில் உழலாம்.

திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்து, வைகாசியில் இரண்டு நல்ல மழை விழுந்தது. மண்ணை எடுத்து உருட்டினால் உருண்டை பிடிக்க வேண்டும், கீழே போட்டால் உடைய வேண்டும். அந்தப் பதம் வந்த அன்று காலையிலேயே இறக்கினோம். அன்று பார்த்ததைச் சொல்ல எனக்கு இன்னும் ஆசையாக இருக்கிறது. முதல் சால் எப்போதும் சரியாக வராது, ட்ராக்டர் சமதரையில் நிற்கும். இரண்டாவது சாலில் வலது பின் சக்கரம் சாலுக்குள் இறங்கியதும் வண்டி சாயும், கலப்பையும் கூடவே சாயும். கொழுந்தன் வலது லிப்ட் கம்பியைத் திருகிச் சட்டத்தை மட்டமாக்கினான். டாப் லிங்கைக் கொஞ்சம் நீட்டியதும் பின் சட்டியும் முன் சட்டியின் ஆழத்துக்கே வந்தது. மூன்றாவது சாலிலிருந்து கலப்பை பேச ஆரம்பித்தது. ஒவ்வொரு சட்டியும் பத்து அங்குல அகலத்துக்கு மண்ணை வெட்டி, தூக்கி, உருட்டி, வலப்பக்கம் கவிழ்த்துப் போட்டது. மேலே இருந்த கோரை, உளுந்துத் தாள், நெல் தட்டை எல்லாம் அடியில் போய்விட்டன. பின்னால் நடந்து போய்ச் சாலில் அளவுகோலை நட்டேன். எட்டு அங்குலம். சாலின் அடியில் பழைய இறுகிய மண் ஓடு ஓடாகப் பெயர்ந்து கிடந்தது. கையில் எடுத்து உடைத்தால் சாம்பல் நிறம், வேரின் தடமே இல்லை. கொக்குகள் கூட்டமாக வந்து பின்னாலேயே நடந்தன.

சால் சக்கரத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மூன்று சட்டியும் மண்ணை வலப்பக்கம் தள்ளும்போது மண் கலப்பையை இடப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்குவது பின்னால் சாய்ந்து நிற்கும் அந்த ஒரு சக்கரம்தான். அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கலப்பை வால் ஆட்டும், சால் கோணும், ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கோடு நாள் முழுக்க மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். எங்களுடையதில் ஸ்பிரிங்கை இறுக்கிய பிறகு சால் நூல் பிடித்தாற்போல் போனது. விரிசலை ஒட்டிய இடம் இதுவரை அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு நாளும் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன்.

வேகம் மூன்றாம் கியரில், மணிக்கு ஐந்து கிலோமீட்டர் அளவு. ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேலேயே ஆனது, எங்கள் துண்டுகள் சின்னவை, திரும்புவதிலேயே நேரம் போகிறது. டீசல் ஏக்கருக்கு எட்டு லிட்டருக்குக் குறையவில்லை. டீசலுக்கு வரிசை நிற்கிற இந்தக் காலத்தில் அது கனக்கத்தான் செய்கிறது. ஆனால் முன்பெல்லாம் ரோட்டவேட்டர் இரண்டு தடவை ஓட்டுவோம். இந்த உழவுக்குப் பிறகு ஒரே தடவையில் சேறு பதமாக வந்துவிட்டது. கணக்குப் போட்டால் கூடுதல் டீசல் பெரிதாக இல்லை. வேலை நேரம்தான் கூடுகிறது.

குறையையும் மறைக்க மாட்டேன். இது ஒரே பக்கம்தான் மண்ணைத் தள்ளும். வயலைச் சுற்றிச் சுற்றி வரப்பிலிருந்து உள்ளே உழுதால் மண் வரப்போரம் ஏறி நடுவில் பள்ளம் விழும். நடுவிலிருந்து வெளியே உழுதால் நடு மேடாகும். நெல் வயலுக்கு மட்டம் உயிர். மேட்டில் களை, பள்ளத்தில் நாற்று முழுகும். நாங்கள் இந்த வருஷம் உள்ளிருந்து வெளியே உழுதோம், அடுத்த வருஷம் மாற்றி உழுவதாக முடிவு. முன் பிளேடால் மட்டம் அடிக்க ஒவ்வொரு துண்டிலும் கொஞ்ச நேரம் போகிறது. பிளேடு இல்லாத வண்டி வைத்திருப்பவர்கள் இதை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். மூலைகளுக்கு இது எட்டாது. அங்கே கை ட்ராக்டர்தான்.

ஆடியில் தண்ணீர் நிற்கிற வயலில் இறக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இறக்காதீர்கள். பக்கத்து வயல்காரர் ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டதால் அவர் துண்டின் ஓரத்தில் கொஞ்சம் ஓட்டிக் காட்டினோம். சட்டி அடிமண்ணைப் பெயர்த்துவிட, வண்டிக்குக் கீழே நிற்க இடம் இல்லாமல் போய்ச் சக்கரம் அச்சு வரை இறங்கியது. சேற்று உழவு ரோட்டவேட்டரின் வேலை.

உளுந்துக்கு வருவோம், வாங்கியதே அதற்காகத்தானே. கார்த்திகைக் கடைசியில் நெல் அறுத்ததும் நிலத்தில் ஈரம் இருக்கும், ஆனால் நாளுக்கு நாள் போய்க்கொண்டிருக்கும். இந்த நேரத்தில் எட்டு அங்குலம் புரட்டினால் அடி ஈரமெல்லாம் வெயிலுக்கு வந்து ஆவியாகிவிடும். வைகாசியில் ஆழமாக உழுதாயிற்று, இனி மேலாக உழுதால் போதும். நாலு அங்குல ஆழத்தில் சட்டியை ஓட்டி, பின்னாலேயே கை ட்ராக்டரால் கட்டியை உடைத்து, அன்றைக்கே விதைத்து மூடினோம். காலையில் உழுததை மாலைக்குள் மூடிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். உளுந்துக்கு மட்டும் என்றால் ஏழு சட்டிதான் இதைவிட நல்லது. அகலம் அதிகம், ஆழம் குறைவு, வேலை சீக்கிரம் முடியும். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏழு சட்டியால் வைகாசி உழவு ஆகாது. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எங்கள் களிமண்ணுக்கு மூன்று சட்டியைத்தான் சொல்வேன்.

இப்போது உளுந்து காய் பிடித்து நிற்கிறது. போன வாரம் அதே மாதிரி மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தேன். ஆணிவேர் எட்டு அங்குலம் நேராக இறங்கி, அதற்குக் கீழேயும் நூலாகப் போயிருந்தது. வேர் முடிச்சுகளை நகத்தால் கிள்ளினால் உள்ளே நல்ல இளஞ்சிவப்பு. தழைச்சத்து பிடிக்கிற முடிச்சு அப்படித்தான் இருக்கும். ஓடைக்கரைத் துண்டில் வித்தியாசம் பெரிதாக இல்லை. அங்கே மண் முன்பே இளக்கமாகத்தான் இருந்தது. களித் துண்டுகளில் செடி உயரத்திலேயே தெரிகிறது. விளைச்சலை மூட்டை கட்டிய பிறகுதான் பேச முடியும்.

40 குதிரைத் திறனுக்குக் குறைந்த வண்டி வைத்திருப்பவர்கள் மூன்று சட்டிக்கு ஆசைப்பட வேண்டாம், இரண்டு சட்டி போதும். லிப்ட் தூக்கும்போது முன் சக்கரம் இலேசாகிவிடும், எங்கள் வண்டியில் பிளேடின் எடைதான் அதைப் பிடித்து வைக்கிறது. வரப்பு ஏறும்போது கலப்பையை முழு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போகாதீர்கள், என் கொழுந்தனிடம் தினமும் சொல்வதை உங்களிடமும் சொல்கிறேன். உழவு நாட்களில் காலையில் ஒவ்வொரு தலைக்கும் கிரீஸ் அடிக்க வேண்டும். பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கி வரும்வரை அடித்தால்தான் உள்ளே போன மண்ணும் வெளியே வரும். உழவு முடிந்ததும் சட்டியைக் கழுவிக் காயவிட்டுப் பழைய எஞ்சின் ஆயில் தடவி வைத்தால் அடுத்த பருவத்தில் மண் ஒட்டாமல் சுழலும். இந்த உளுந்துப் பணம் வந்ததும் கடைசிச் சட்டியை மாற்றப்போகிறேன். மற்ற இரண்டும் இன்னொரு பருவம் தாங்கும்.

நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வைகாசியில், இரண்டாவது மழை விழுந்த பிறகு வாருங்கள். காய்ந்த நிலத்தில் ஓட்டிக் காட்டச் சொன்னால் காட்ட மாட்டேன். வரும்போது உங்கள் ட்ராக்டரின் கீழ்க் கைத் துளையையும் டாப் லிங்க் துளையையும் மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். யார்டுக்கு உங்களோடு வந்து சட்டியைத் தட்டிப் பார்த்துச் சொல்ல நான் தயார், சாக்பீஸ் பொடியும் என்னிடமே இருக்கிறது.